இரும்புக் காலணி வாத்தியார்: சார்ல்ஸ் ஹாமில்ட்டன் ஹூஸ்டனும் ஹோவர்ட் சட்டப் பள்ளியும்



இந்த அரங்கு யாருடைய நினைவாக நடக்கிறதோ, அந்த மூத்த தோழர் வழக்கறிஞர் அல்லர். பள்ளிப் படிப்பைக்கூட முடித்தவர் அல்லர். ஆனால் அவருடைய துணிப்பையில் எப்போதும் நான்கைந்து முதல் தகவல் அறிக்கைகளின் நகல்கள் இருக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, கறுப்புக் கோட்டோடு போகிற நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ‘இதில் என்ன பிரிவு போட்டிருக்கிறான், என்ன பிரிவை விட்டிருக்கிறான், பார்த்துச் சொல்லு தம்பி’ என்பார். என்னையும் அப்படி ஒருநாள் கூப்பிட்டார். சட்டப் படிப்பை முடித்துப் பதிவுசெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதுதான், ஓர் உண்மையான முதல் தகவல் அறிக்கையை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. அதைப் பற்றிய தீர்ப்புகளைப் படித்திருக்கிறேன், பரீட்சை எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். தாளைப் பார்த்ததில்லை.

அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை. சட்டக் கல்வியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அதனால்தான். அந்தத் தேடலில் கிடைத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். அமெரிக்கக் கறுப்பர். பெயர் சார்ல்ஸ் ஹாமில்ட்டன் ஹூஸ்டன்.

சட்ட மாணவர்கள் புத்தகத்தோடு நிற்காமல் உண்மையான கட்சிக்காரர், உண்மையான வழக்கு, உண்மையான சிறை ஆகியவற்றின் வழியாகக் கற்பதை இன்று ‘கிளினிக்கல் லீகல் எஜுகேஷன்’ என்கிறார்கள். மருத்துவ மாணவர் நோயாளியின் படுக்கையருகே நின்று படிப்பதுபோல என்பது உவமை. இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக 1933இல் ஜெரோம் ஃபிராங்க் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்குவார்கள். சட்டப் பள்ளி மருத்துவப் பள்ளிபோல் இருக்கக் கூடாதா என்று அதில் அவர் கேட்டார். பிறகு நேராக 1968க்குத் தாவி, ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்துப் பல்கலைக்கழகங்களில் கிளினிக்குகள் தொடங்கப்பட்டதைச் சொல்வார்கள். ஃபிராங்க் அந்தக் கட்டுரையை எழுதிய அதே 1933இல், வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் சட்டப் பள்ளியிலிருந்து ஒரு சிறு வகுப்பு பட்டம் பெற்று வெளியே வந்தது. அந்த வகுப்பின் முதல் மாணவர் தர்குட் மார்ஷல். இரண்டாவது ஆலிவர் ஹில். அவர்கள் அதற்குள் நீதிமன்றங்களையும் சிறைகளையும் காவல் நிலையங்களையும் பார்த்து முடித்திருந்தார்கள். அவர்களை அங்கே நடத்திச் சென்றவர் ஹூஸ்டன். தன் முறைக்கு அவர் ‘கிளினிக்’ என்று பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காதவர்கள் வரலாற்றில் இடம் பெறுவது கடினம்.

ஹூஸ்டன் 1895 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனில் பிறந்தார். பாட்டனார் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர். தந்தை வில்லியம் ஹூஸ்டன் பகலில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே ஹோவர்டின் மாலை நேர வகுப்பில் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். தாய் மேரி ஆசிரியையாக இருந்து, பின்னர் சிகையலங்காரத் தொழில் செய்து மகனைப் படிக்க வைத்தார். மகன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1915இல் உயர் சிறப்போடு பட்டம் பெற்றார். நம் பாபாசாகேப் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியாவில் படித்த 1913–16 காலமும் இதுவேதான்.

முதல் உலகப் போர் வந்தது. ஹூஸ்டன் கறுப்பு அதிகாரிகளுக்கென ஒதுக்கப்பட்ட பயிற்சி முகாமில் சேர்ந்து லெப்டினன்ட் ஆனார். ராணுவ நீதிமன்ற விசாரணைகளில் சட்ட அதிகாரியாக நிறுத்தப்பட்டபோது, குற்றமில்லை என்று தான் கண்டறிந்த கறுப்புப் படைவீரர்களையும் தண்டித்தே தீரவேண்டும் என்று மேலதிகாரிகள் நின்றதைக் கண்டார். பிரான்சில் ஓர் இரவு, அவரையும் சக கறுப்பு அதிகாரிகளையும் சொந்த நாட்டு வெள்ளைப் படைவீரர்களே சூழ்ந்துகொண்டு கொல்லப் பார்த்தார்கள். எதிரி நாட்டுக் குண்டுக்குத் தப்பியவர் சொந்த நாட்டுச் சீருடையிடம் மாட்டிக்கொண்ட கதை அது. உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பது, திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகப் போராடுவது என்று அங்கேதான் முடிவெடுத்ததாகப் பின்னாளில் பத்திரிகையில் எழுதினார்.

1919இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். ‘ஹார்வர்ட் லா ரிவ்யூ’ இதழின் ஆசிரியர் குழுவுக்குத் தேர்வான முதல் கறுப்பர் அவரே. மாணவர் மன்றங்கள் கறுப்பரைச் சேர்க்காததால் ‘டன்பார்’ என்ற பெயரில் தனி மன்றம் அமைத்தார்கள். ஆய்வுப் பட்டம், மாட்ரிட்டில் ஓராண்டு மேற்படிப்பு எல்லாம் முடித்து, 1924இல் ஊர் திரும்பித் தந்தையோடு தொழில் தொடங்கினார். கூடவே ஹோவர்டில் பகுதி நேரமாகக் கற்பிக்கவும் செய்தார்.

அடுத்து அவர் செய்த காரியம் பலருக்குத் தெரியாது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒரு கணக்கெடுப்பு. கறுப்பு வழக்கறிஞர்கள் நாட்டில் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள், என்ன வழக்கு நடத்துகிறார்கள் என்று 1920களின் இறுதியில் ஓர் அறக்கட்டளையின் நிதியில் விசாரிக்கக் கிளம்பினார். கிடைத்த விடை பயங்கரமானது. கறுப்பர்கள் மிகுதியாக வாழ்ந்த தென் மாநிலங்கள் முழுவதிலும், முழுநேரத் தொழிலாக வழக்காடும் கறுப்பர் நூறு பேர்கூட இல்லை. மரத்தில் கட்டிக் கொலை செய்யும் கும்பல்கள் உலவிய பகுதி அது. ஜூரியில் ஒரு கறுப்பரும் இல்லை, வாக்குரிமை இல்லை, பள்ளி இல்லை. இவற்றை நீதிமன்றத்தில் எழுப்ப ஆளும் இல்லை. வெள்ளை வழக்கறிஞர் எவராவது வந்தாலும், ஜூரியில் ஏன் கறுப்பர் இல்லை என்ற கேள்வியை மட்டும் எழுப்ப மாட்டார். அதை எழுப்பினால் மறுநாள் அந்த ஊரில் அவருக்குக் கட்சிக்காரர் கிடைக்க மாட்டார். எனவே இருக்கிற வழக்கறிஞர்களை நம்பிப் பயனில்லை, புதிதாக வார்த்தெடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஹூஸ்டன் வந்தார்.

வார்த்தெடுக்கும் உலை ஒன்றுதான் இருந்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகம் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1867இல் தோன்றியது. அதன் சட்டத் துறை 1869இல் தொடங்கியது. நாட்டின் கறுப்பு வழக்கறிஞர்களில் பெரும்பகுதியினர் அங்கே படித்தவர்கள். ஆனால் 1920களில் அது மாலையில் மட்டும் நடக்கும் வகுப்பு. ஆசிரியர்கள் பகுதி நேரத்தவர்கள். நூலகம் மெலிந்தது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதி பிராண்டைஸ், ஹோவர்டின் முதல் கறுப்புத் தலைவர் மொர்டெகாய் ஜான்சனிடம், தன் முன் வரும் மனுவைப் படித்தாலே அதை எழுதியவர் கறுப்பு வழக்கறிஞரா என்று தெரிந்துவிடுகிறது, முதலில் ஒரு முழுநேரச் சட்டப் பள்ளியைக் கட்டுங்கள் என்ற பொருளில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனாலும் படிக்கும்போது சுடுகிறது.

1929இல் ஹூஸ்டன் அந்தப் பள்ளியின் துணை முதல்வராக்கப்பட்டார். நடைமுறையில் பொறுப்பு முழுவதும் அவருடையது. போர்க்களம் கொடுத்த காசநோயால் அதற்குச் சற்று முன்புதான் மாதக்கணக்கில் படுத்து எழுந்திருந்தார். வந்ததும் மாலை வகுப்பை மூடினார். சேர்க்கைத் தகுதியை உயர்த்தினார். முழுநேர ஆசிரியர்களைக் கொண்டுவந்தார். வில்லியம் ஹேஸ்டி, லியோன் ரேன்சம் போன்ற இளைஞர்கள் அப்படி வந்தவர்களே. 1931இல் வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரமும் அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் சங்கத்தின் உறுப்புரிமையும் கிடைத்தன.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மாலை வகுப்பில் படித்தவர்கள் யார்? தபால் நிலைய ஊழியர்கள், அரசு அலுவலகக் கடைநிலைப் பணியாளர்கள், பகலில் உழைத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவர்கள். ஹூஸ்டனின் சொந்தத் தந்தையே அப்படி வந்தவர்தான். மாலை வகுப்பு இல்லையென்றால் வில்லியம் ஹூஸ்டன் என்ற வழக்கறிஞர் இல்லை. மகன் அந்தக் கதவை மூடினார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். வெள்ளையர் வகுத்த அளவுகோலுக்கு நம் பள்ளியை வளைக்கிறாய், ஏழைக் கறுப்பனை வெளியே தள்ளுகிறாய் என்றார்கள். மாணவர் எண்ணிக்கையும் சரிந்தது.

தரம் என்ற சொல் நம் காதில் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். நுழைவுத் தேர்வு, தகுதி, தரம் ஆகியவை நம் பிள்ளைகளை வடிகட்டவே பயன்பட்டு வந்திருக்கின்றன. எனவே ஹூஸ்டனின் இந்த முடிவை நான் கைதட்டி வரவேற்க முடியாது. ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது. அங்கீகாரமில்லாத பட்டத்தோடு போகும் கறுப்பு வழக்கறிஞரை ஒரு தென்மாநில நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அவர் செய்யும் பிழைக்குத் தூக்கில் தொங்கப்போவது அவரல்ல, அவருடைய கட்சிக்காரர். இரண்டு வாதங்களையும் வைத்துப் பார்த்தால், ஹூஸ்டன் அன்றைய தேவைக்குச் சரியாகவே முடிவெடுத்தார், ஆனால் மூடிய கதவுக்கு மாற்றாக உழைப்பாளிகளுக்கு வேறொரு வாசலைத் திறக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. அந்த இழப்பைக் கணக்கில் எழுதாமல் அவரைப் போற்றுவது நேர்மையல்ல.

தர்குட் மார்ஷலின் சேர்க்கையே ஒரு தனிக்கதை. பால்டிமோர்காரர். சொந்த ஊரிலேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி இருந்தது. கறுப்பரைச் சேர்க்காது. எனவே விடியற்காலை ரயிலேறி வாஷிங்டன் போய், இரவு திரும்ப வேண்டும். கட்டணம் கட்ட அவருடைய தாயார் தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். தாலியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்மார்களின் பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள்.

அப்படி வந்தவர்களிடம் ஹூஸ்டன் இரக்கம் காட்டவில்லை. ‘இரும்புக் காலணி’, ‘சிமெண்டுக் கால்சட்டை’ என்று மாணவர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். முதல் நாளே, வலப்பக்கத்தில் இருப்பவனைப் பார், இடப்பக்கத்தில் இருப்பவனைப் பார், அடுத்த ஆண்டு அவர்கள் இருக்க மாட்டார்கள் என்ற பாணியில் எச்சரிப்பாராம். ஏறத்தாழ முப்பது பேரோடு தொடங்கிய மார்ஷலின் வகுப்பில் கடைசிவரை வந்தவர்கள் ஒரு சிறு பகுதியினரே. மருத்துவன் தன் தவறைப் புதைத்துவிடலாம், வழக்கறிஞனின் தவறு எல்லோர் கண்முன்னும் கிடக்கும் என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. வழக்கறிஞன் ஒன்று சமூகத்தைத் திருத்தியமைக்கும் பொறியாளனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் ஓர் ஒட்டுண்ணி என்பது இன்னொன்று. இடைப்பட்ட நிலை எதையும் அவர் ஏற்கவில்லை.

இனி அவருடைய பாடத்திட்டத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துச் சட்டப் பள்ளிகளின் முறை, 1870களில் ஹார்வர்டில் லாங்டெல் கொண்டுவந்த தீர்ப்பு முறை. மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் படிப்பது, அதிலிருந்து விதியைப் பிழிந்தெடுப்பது. ஹூஸ்டனும் அதில் வளர்ந்தவர்தான், அதைக் கைவிடவும் இல்லை. ஆனால் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பில் சாட்சியின் பயம் இருக்காது, காவலர் எழுதாமல் விட்ட வரி இருக்காது. அவற்றைப் பார்க்க மாணவர்களை வெளியே அழைத்துப் போனார். விசாரணை நீதிமன்றங்கள், காவல் நிலையங்கள், சிறைகள், பிணக்கூறாய்வு நடக்கும் இடங்கள், குற்றவியல் ஆய்வுக்கூடங்கள். கறுப்பர்மீதான வழக்குகளில் கட்டாயப்படுத்தி வாங்கிய வாக்குமூலமும் போலி மருத்துவச் சாட்சியும்தான் தூக்குக் கயிறு. காயம் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்க்காதவன் மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கிளாரன்ஸ் டாரோ போன்ற புகழ்பெற்ற வழக்கறிஞர்களை வகுப்புக்கு அழைத்துவந்து பேசவைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னிடம் வந்த உண்மையான வழக்குகளையே பாடமாக்கினார்.

அவற்றில் ஒன்று ஜார்ஜ் கிராஃபோர்டின் வழக்கு. வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் 1932 ஜனவரியில் ஒரு செல்வந்த வெள்ளைப் பெண்ணும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட கிராஃபோர்ட் ஓராண்டு கழித்து பாஸ்டனில் பிடிபட்டார். 1933 டிசம்பரில் விசாரணை நடந்தபோது, ஹூஸ்டன், ரேன்சம், எட்வர்ட் லவெட், ஜேம்ஸ் டைசன் என்ற நான்கு கறுப்பு வழக்கறிஞர்கள் மட்டுமே எதிர்வாதத்துக்கு நின்றார்கள். தெற்கில் இப்படியொரு பெரிய வழக்கில் அது நினைத்துப் பார்க்க முடியாத காட்சி. அந்த ஆண்டுதான் பட்டம் பெற்ற மார்ஷல் சட்ட ஆய்வில் உதவினார். ஜூரிப் பட்டியலில் கறுப்பரே இல்லை என்பதை எதிர்த்து ஹூஸ்டன் சான்றுகளோடு வாதிட்டார். நீதிபதி தள்ளுபடி செய்தார். வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி, மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை விதித்தது. அந்த மண்ணில் அதுவே வெற்றி என்று பேசப்பட்டது.

ஆனால் சர்ச்சையும் கிளம்பியது. சம்பவத்தன்று தான் பாஸ்டனில் இருந்ததாகக் கிராஃபோர்ட் முதலில் சொன்னது பொய் என்று ஹூஸ்டனே கண்டுபிடித்திருந்தார். எனவே உயிரைக் காப்பாற்றுவதில் கவனத்தை வைத்தார், மேல்முறையீடும் செய்யவில்லை. ஜூரிப் பிரச்சினையை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோயிருக்க வேண்டாமா என்று முற்போக்கு இதழ்களில் கடுமையாக எழுதினார்கள். மறு விசாரணை கிடைத்தால் தூக்கும் கூடவே வரும் என்பது ஹூஸ்டன் தரப்பு. இயக்கத்துக்கு ஒரு முன்தீர்ப்பு தேவை, கட்சிக்காரருக்கு உயிர் தேவை. வன்கொடுமை வழக்குகளில் நிற்கும் நம் தோழர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை முறை மாட்டிக்கொள்கிறோம்! சமரசம் பேசிவிட்டு வருகிற பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கோபிக்கிறோம். அந்தக் குடும்பம் அதே ஊரில்தான் இன்றிரவு படுத்துறங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். ஹூஸ்டன் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவரை விமர்சித்தவர்களும் முட்டாள்கள் அல்லர்.

பயணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹூஸ்டனும் மார்ஷலும் தெற்கின் கறுப்புப் பள்ளிகளின் நிலையைப் பதிவுசெய்யக் காரில் ஊர் ஊராகப் போனார்கள். உணவகத்தில் உணவு கிடையாது, விடுதியில் அறை கிடையாது. பழங்களைப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். மிசிசிப்பியில் மார்ஷல் ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தபோது ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டே நின்றானாம். அவனுக்கும் ஒன்று கொடுத்தார். அவன் தோலோடு கடித்தான். அதுவரை ஆரஞ்சைப் பார்த்ததே இல்லை. சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்ற சொற்றொடருக்கு மார்ஷல் பெற்ற விளக்கவுரையாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஹூஸ்டன் பின்னர் படக்கருவியோடு தென் கரோலினாவுக்குப் போனார். வெள்ளைப் பிள்ளைகளின் செங்கல் கட்டடத்தையும் கறுப்புப் பிள்ளைகளின் ஓட்டைக் கொட்டகையையும் படமெடுத்து வந்தார். உண்மையறியும் குழு அறிக்கை என்று நாம் இன்று சொல்வதன் முன்னோடி அது.

1935இல் அவர் ஹோவர்டிலிருந்து விடுப்பெடுத்துக்கொண்டு, என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பர் உரிமைச் சங்கத்தின் முழுநேரச் சிறப்பு வழக்கறிஞர் ஆனார். அந்த ஜூன் மாதம் பால்டிமோரில் டொனால்ட் மர்ரே வழக்கு வந்தது. மர்ரே ஒரு கறுப்பு இளைஞர், ஆம்ஹர்ஸ்ட் பட்டதாரி. அவருக்கு இடம் மறுத்தது, மார்ஷல் போக முடியாமல்போன அதே மேரிலாண்ட் சட்டப் பள்ளி. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாதாடினார்கள். பல்கலைக்கழகத் தலைவரை ஹூஸ்டன் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். நீதிபதி ஓ’டன் அன்றே மர்ரேயைச் சேர்க்கும்படி உத்தரவிட்டார். 1936 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அதே 1935 ஜூனில்தான் அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. அம்பேத்கர் கறுப்பர் போராட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தார். 1946இல் அவர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸுக்குக் கடிதமெழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவின் நகலைக் கேட்டதும், டுபோய்ஸ் பதில் எழுதியதும் நீங்கள் அறிந்ததே.

ஏன் சட்டப் பள்ளிகளிலிருந்து தொடங்கினார்? ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற 1896ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி தீர்ப்பை நேரடியாக மோதினால் தோற்போம் என்று அவர் கணித்தார். எனவே ‘சமம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு மாநிலமும் கறுப்பருக்கென உண்மையிலேயே சமமான தனிச் சட்டப் பள்ளி கட்டினால் கஜானா காலியாகும். கட்டாவிட்டால் வெள்ளையர் பள்ளியில் சேர்க்க வேண்டும். மேலும், சட்டக் கல்வி என்றால் என்ன என்று நீதிபதிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. போலிப் பள்ளியை அவர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள்.

மிசௌரியின் லாயிட் கெய்ன்ஸ் வழக்கு 1938 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. முந்தைய நாள் ஹூஸ்டன் ஹோவர்டுக்குப் போய், ஆசிரியர்களையும் மாணவர்களையும் நீதிபதிகள்போல் உட்காரவைத்து, தன் வாதத்தை அவர்கள் முன் ஒத்திகை பார்த்தார். மாணவர்கள் கேள்வி கேட்டார்கள், ஓட்டைகளைக் காட்டினார்கள். மறுநாள் உண்மையான நீதிமன்றத்தில் நீதிபதி மெக்ரேனால்ட்ஸ் தம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஹூஸ்டனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார் என்பது பலரும் சொல்லிவந்த காட்சி. டிசம்பர் 12 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு கெய்ன்ஸுக்குச் சாதகமாக வந்தது. அடுத்த சில மாதங்களில் கெய்ன்ஸ் சிகாகோவில் காணாமல் போனார். அவருக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை தெரியவில்லை. வெற்றிபெற்ற வழக்கின் மனுதாரர் அந்த வகுப்பறையில் ஒருநாளும் உட்காரவில்லை.

அந்த ஒத்திகை மட்டும் நிலைத்தது. பிறகு வந்த ஒவ்வொரு பெரிய வழக்கும் ஹோவர்ட் மாணவர்களின் கேள்விகளைத் தாண்டித்தான் உச்ச நீதிமன்றம் போனது. அதே 1938இல் பேராசிரியர் ஜேம்ஸ் நேப்ரிட் நாட்டிலேயே முதன்முறையாகக் குடிமை உரிமைகள் என்பதைத் தனிப் பாடமாக அங்கே தொடங்கினார்.

ஹூஸ்டன் விட்டுச் சென்ற பள்ளியில் குறையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1941இல் பாலி மர்ரே என்ற பெண் அங்கே சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவரே பெண். நிற ஒதுக்கலை எதிர்த்துப் போராட வந்த இடத்தில் பெண் ஒதுக்கலைக் கண்டேன் என்று பிறகு எழுதினார். சமம் என்று சுற்றிவளைத்தது போதும், பிளெஸ்ஸியையே நேராகத் தாக்குவோம் என்று அவர் வகுப்பில் சொன்னபோது ஆண் மாணவர்கள் சிரித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுக்குள் அது வீழும் என்று தம் ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டி, அதையே இறுதியாண்டுக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். பிரவுன் வழக்குக்கு ஆயத்தமானபோது ராபின்சன் அந்தக் கட்டுரையைத் தேடியெடுத்துப் பயன்படுத்தினார். பாலி மர்ரேக்கு இந்தச் செய்தி பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. நம் இயக்கங்களில் பெண் தோழர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகள் யார் பெயரில் வெளிவந்தன என்பதைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

1938க்குப் பின் ஹூஸ்டன் வாஷிங்டன் திரும்பித் தந்தையின் அலுவலகத்தில் தொழில் செய்தார். தலைமைப் பொறுப்பை மாணவர் மார்ஷலிடம் விட்டுக்கொடுத்தார். பதவியில் ஒட்டிக்கொள்ளவில்லை. ரயில் எஞ்சின்களில் கரியள்ளிப்போட்ட கறுப்புத் தொழிலாளரை வெள்ளையர் சங்கம் வேலையிலிருந்து துரத்த ஒப்பந்தம் போட்டபோது அதை எதிர்த்து வழக்காடினார். 1944ஆம் ஆண்டின் ஸ்டீல் தீர்ப்பு அதில் வந்தது. தன் பேரத்துக்கு உட்பட்ட தொழிலாளர் அனைவரையும் சங்கம் நியாயமாகப் பிரதிநிதித்துவப்படுத்த வேண்டும் என்ற கடமை அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் அப்படித்தான் நுழைந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் அரசமைப்பில் இலவசச் சட்ட உதவி 1976இல் 39அ உறுப்பாக வந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, யாருக்கெல்லாம் சட்ட உதவி என்று பட்டியலிடும்போது முதல் வரியிலேயே பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சொல்கிறது. அவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்லும் உரிமையைத் தந்திருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றம் 1997இல் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியது. தாள்கள் இருக்கின்றன. நான் படித்த இடத்தில் அவற்றுக்கான பதிவேட்டை முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதினோம். நீதிமன்றத்துக்குப் போய்வந்ததாகத் தேதி போட்டு எழுதினோம். அதற்கும் மதிப்பெண் கிடைத்தது. புங்கமரத்தடியில் அந்தப் பெரியவரின் முன் என் கை ஏன் நடுங்கியது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

ஹூஸ்டனின் கடைசி வழக்குக்கு வருகிறேன். வாஷிங்டனில் கார்ட்னர் பிஷப் என்று ஒரு முடிதிருத்துநர் இருந்தார். நெரிசலில் திணறிய கறுப்புப் பள்ளியில் தம் மகளைப் படிக்கவைத்தவர். தம்மைப் போன்ற ஏழைப் பெற்றோர்களைத் திரட்டி 1947இல் பள்ளிப் புறக்கணிப்பு நடத்தினார். நகரத்தின் படித்த, வசதியான கறுப்பர்கள் தங்களை மதிப்பதில்லை என்ற கசப்பு அவருக்கு உண்டு. ஹூஸ்டனிடம் தயக்கத்தோடுதான் போனார். ஹூஸ்டன் அந்தப் பெற்றோர்களின் வழக்குகளை எடுத்து நடத்தினார். அவை சமமான வசதி கேட்கும் வழக்குகள். அந்த வேலையின் நடுவே இதயநோய் அவரைச் சாய்த்தது. படுக்கையிலிருந்தபடி பிஷப்பை அழைத்து, இனி நேப்ரிட்டிடம் போங்கள் என்றார். 1950 ஏப்ரல் 22 அன்று, ஐம்பத்துநான்கு வயதில் இறந்தார். பின்னாளில் மார்ஷல், பிரவுன் வழக்கில் கறுப்பர் தரப்பில் உழைத்த வழக்கறிஞர்களை எண்ணிப் பார்த்தால், ஹூஸ்டனின் கை படாதவர்கள் இரண்டே பேர்தான் என்றார்.

பிஷப் நேப்ரிட்டிடம் போனார். நேப்ரிட் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சமமான கட்டடம் கேட்கும் வழக்கு என்றால் எனக்கு வேண்டாம், ஒதுக்கலே கூடாது என்று கேட்பதானால் வருகிறேன் என்றார். அது ஹூஸ்டன் போட்ட பாதையிலிருந்து விலகல். பிஷப் சம்மதித்தார். கட்டி முடித்திருந்த ஒரு புதிய வெள்ளையர் பள்ளிக்குக் கறுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போய் நின்றார்கள், உள்ளே விடவில்லை, வழக்குப் போட்டார்கள். ‘போலிங் எதிர் ஷார்ப்’ என்ற அந்த வழக்கின் தீர்ப்பும் பிரவுன் தீர்ப்பும் 1954 மே 17 அன்று, ஒரே நாளில் வாசிக்கப்பட்டன.